குமரி வீட்டு ஹாலுக்கு எந்த கேம் கன்சோல், எந்த டிவி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவிலில் கேம் கன்சோல், டிவி, ஆம்ப்ளிஃபயர் பழுது பார்க்கும் மேஜையில் உட்காருகிறவன் நான். வாங்கப் போகிறவர்களும் வந்து கேட்பார்கள், வாங்கியது கெட்டுப்போனவர்களும் வந்து கேட்பார்கள். திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். வெளியூர்க்காரர்களுக்கு இதில் பாதி பொருந்தாமல் போகலாம். கடல் காற்று, இடி, வளைகுடாவிலிருந்து வருகிற பெட்டி, இந்த மூன்றையும் கணக்கில் எடுத்துத்தான் நம் ஊரில் சாமான் வாங்க வேண்டும்.

பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், நின்டெண்டோ. எதை வாங்குவது?

பெரும்பாலான வீடுகளுக்கு டிஸ்க் போடுகிற பிளேஸ்டேஷன் 5 (சுருக்கமாக பிஎஸ்5) என்றுதான் சொல்வேன். காரணம் அந்த டிஸ்க்தான். புதுசாக வருகிற பெரிய கேம் ஒன்று ஐந்தாயிரம் ரூபாயை ஒட்டி இருக்கிறது. டிஸ்க்காக வாங்கினால் முடித்துவிட்டு விற்கலாம், மார்த்தாண்டத்தில் இருக்கிற கூட்டாளியோடு மாற்றிக்கொள்ளலாம். டவுன்லோடு செய்து வாங்கியதை அப்படிக் கைமாற்ற முடியாது. இன்னொன்று, பிஎஸ்4 டிஸ்க்குகள் கிட்டத்தட்ட எல்லாமே பிஎஸ்5இல் ஓடும். பழைய டிஸ்க் மலிவாகக் கிடைக்கிறது. முதல் வருடம் முழுக்க அதை வைத்தே ஓட்டிவிடலாம். டிஸ்க் டிரைவ் இல்லாத ஸ்லிம் மாடலை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால், டிரைவைத் தனியாக மாட்டிக்கொள்ள வழி இருக்கிறது. முதல் முறை மாட்டும்போது மட்டும் இன்டர்நெட் வேண்டும்.

எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் சின்னது, அடக்கமானது, விலையும் குறைவு. ஆனால் டிஸ்க் டிரைவே கிடையாது. நல்ல ஃபைபர் இணைப்பும், மாதச் சந்தா கட்டுகிற மனசும் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

நின்டெண்டோ சுவிட்ச் 2017 மார்ச்சிலும் சுவிட்ச் 2 2025 ஜூனிலும் வெளிவந்தன. இந்தியாவில் அந்தக் கம்பெனி நேரடியாக விற்பதில்லை. கெட்டால் யாரிடமும் உரிமையோடு போய் நிற்க முடியாது. இருந்தாலும் எட்டு, பத்து வயதுப் பிள்ளைகள் இரண்டு பேர் இருக்கிற வீட்டுக்கு அதைப்போல ஒன்று வேறு இல்லை. வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் கொண்டு வந்தால் தாராளமாக வாங்கலாம். ஜப்பானுக்குள் மட்டும் விற்கிற மலிவான சுவிட்ச் 2 மாடல் ஒன்று உண்டு, அதில் ஜப்பானிய மொழி மட்டும்தான். ‘நல்ல விலைக்குக் கிடைத்தது’ என்று யாராவது சொன்னால் பெட்டியைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

விலை குறையும் வரை காத்திருக்கலாமா?

முன்பெல்லாம் கன்சோல் பழசாகப் பழசாக விலை இறங்கும். இந்தத் தலைமுறையில் அப்படி நடக்கவில்லை. பிஎஸ்5 இந்தியாவுக்கு 2021 பிப்ரவரி 2 அன்று வந்தபோது டிஸ்க் மாடல் 49,990 ரூபாய். 2024இல் ஸ்லிம் வந்தபோது 54,990. இடையில் தள்ளுபடி நாட்கள் வரும், அப்போது வாங்குங்கள். ‘அடுத்த வருடம் பாதி விலைக்கு வந்துவிடும்’ என்று யாரும் சொல்வதை நம்பிப் பிள்ளையைக் காக்க வைக்காதீர்கள்.

துபாயிலிருந்து மாமா கொண்டு வருகிறார். இங்கே ஓடுமா?

கன்சோல் ஓடும். வளைகுடாவிலும் 220–240 வோல்ட்தான். இருந்தாலும் அடியில் ஒட்டியிருக்கிற லேபிளில் வோல்டேஜைப் பார்த்துக்கொள்ளுங்கள். வயரில் மட்டும் மூன்று சதுரப் பின் இருக்கும். அதற்கு அடாப்டர் மேல் அடாப்டர் மாட்டித் தொங்க விடாதீர்கள். எட்டு வடிவத் துளை உள்ள இரண்டு பின் வயர் எந்த எலக்ட்ரிக்கல் கடையிலும் கிடைக்கும், அதை மாற்றிவிடுங்கள். பிரச்சினை வாரன்டியில்தான். அங்கே வாங்கியதற்கு இங்கே வாரன்டியை எதிர்பார்க்கக் கூடாது.

கேம் டிஸ்க் எந்த நாட்டுடையதாக இருந்தாலும் ஓடும். ஆனால் அந்தக் கேமுக்குக் கூடுதல் பகுதிகளைக் காசு கொடுத்து வாங்கினால், டிஸ்க் எந்த நாட்டுப் பதிப்போ அந்த நாட்டு அக்கவுண்டில் வாங்கினால்தான் சேரும். இது தெரியாமல் பணத்தை விட்டவர்கள் நிறையப் பேர். சினிமா டிஸ்க்குக்கு வேறு கணக்கு. டிவிடியில் வளைகுடா 2ஆம் மண்டலம், நாம் 5. ப்ளூ-ரேயில் அவர்கள் பி, நாம் சி. அதனால் அங்கே வாங்கிய படம் இங்கே வாங்கிய மெஷினில் ஓடாமல் போகலாம். 4கே ப்ளூ-ரேக்கு மண்டலக் கணக்கே இல்லை.

டிவியைக் கொண்டு வரச் சொல்லாதீர்கள். தட்டைத் திரை டிவியை விமானப் பயணிகளின் வரியில்லா வரம்பிலிருந்து 2013 ஆகஸ்டிலேயே எடுத்துவிட்டார்கள். 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிக்கு ஜிஎஸ்டி 28 சதவீதமாக இருந்தது 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகிவிட்டது. திருவனந்தபுரத்தில் இறங்கி, கஸ்டம்ஸில் பணம் கட்டி, வீட்டில் பெட்டியைத் திறந்தால் பேனலில் கோடு. இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். டிவியை இங்கேயே வாங்குங்கள்.

பிஎஸ்5இன் உயர்ந்த மாடலான பிஎஸ்5 ப்ரோ ஏன் அப்போதே இங்கே வரவில்லை?

2024 நவம்பரில் அது வெளியானபோது, அதன் வைஃபை பயன்படுத்துகிற 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு இந்தியாவில் அனுமதி இல்லாததால் இங்கே கொண்டு வரவில்லை. நம் வீட்டு டிவிகளில் அதற்கும் சாதா பிஎஸ்5க்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஏங்க வேண்டாம்.

எங்கள் வீடு கடலோரம். கன்சோல் எத்தனை வருடம் தாங்கும்?

வைக்கிற இடத்தைப் பொறுத்தது. முட்டம் பக்கத்திலிருந்து ஒரு பிஎஸ்4 வந்தது. வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு ரோடுதான். மூன்று வருடமாக மேற்குப் பார்த்த ஜன்னலுக்குக் கீழே இருந்த மெஷின். மூடியைக் கழற்றினேன். திருகுகள் எல்லாம் செம்மண் நிறம். உள்ளே இருக்கிற தகட்டில் வெள்ளைப் பொடி. டிவிக்குப் படம் போகிற எச்டிஎம்ஐ சாக்கெட்டின் கால்களில் பழைய செம்புப் பாத்திரத்தில் பிடிக்கிற மாதிரி பச்சைக் களிம்பு. ஃபேன் இறக்கையில் தூசி தூசியாக இல்லை, ஈர மாவு மாதிரி அப்பியிருந்தது. அடுத்த வாரமே கிட்டத்தட்ட அதே வயதுள்ள ஒரு பிஎஸ்4 கடலை விட்டுத் தள்ளி இருக்கிற குலசேகரத்திலிருந்து வந்தது. உள்ளே எறும்புப் புற்று, ஒரு பல்லி முட்டை. ஆனால் உலோகம் பளபளவென்று இருந்தது.

காற்றில் வருகிற உப்பு தனியாக ஒன்றும் செய்யாது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு ஈரத்தை இழுத்துத் தானே நீராகிவிடும். நம் கடற்கரையில் ராத்திரி முழுக்க அந்த ஈரம் இருக்கிறது. அந்த உப்புநீர்தான் செம்பையும் இரும்பையும் தின்கிறது. இதிலிருந்து இரண்டு விஷயம் தெரிந்துகொள்ளலாம். ஒன்று, ஓடுகிற மெஷின் சூட்டில் காய்ந்து இருக்கும், சும்மா கிடக்கிற மெஷின்தான் சீக்கிரம் அரிக்கும். பரீட்சை நேரம் என்று மூன்று மாதம் பரணில் தூக்கி வைப்பதை விட, வாரத்துக்கு ஒரு தடவை அரை மணி நேரம் போட்டு அணைப்பது நல்லது. இரண்டு, பிளாஸ்டிக் கவரில் இறுக்கிக் கட்டினால் ஈரம் உள்ளேயே அடைபடும். மெல்லிய துணி போர்த்துங்கள், போடும்போது மறக்காமல் எடுங்கள்.

கடல் பார்த்த ஜன்னலிலிருந்து தள்ளி, உள் சுவர் ஓரமாக, தரையிலிருந்து இரண்டடி மேலே வையுங்கள். குளச்சலோ மணக்குடியோ தேங்காப்பட்டணமோ, கடலோர வீடு என்றால் வருடத்துக்கு ஒரு தடவை திறந்து சுத்தம் செய்யுங்கள். ஆரல்வாய்மொழிப் பக்கத்தில் உப்பைவிடக் காற்றில் வருகிற மண்தான் எதிரி. அங்கே ஆறு மாதத்துக்கு ஒரு தடவை.

இடி மின்னலுக்கு ஸ்பைக் பஸ்டர் போதாதா?

போதாது. இடிச்சத்தம் கேட்டால் பிளக்கைக் கையால் உருவுங்கள். சுவிட்சை அணைத்தால் ஒரு கம்பிதான் துண்டிக்கப்படும், நியூட்ரல் அப்படியே மாட்டியிருக்கும்.

தக்கலைப் பக்கத்து வீடு ஒன்றில் ஐப்பசி மழையில் டிவி, செட்டாப் பாக்ஸ், கன்சோல் மூன்றும் ஒரே அடியில் போயின. சுவிட்ச் எல்லாம் அணைத்துத்தான் இருந்தது. மின்னல் வந்த வழி கேபிள் வயர். தெருக்கம்பத்திலிருந்து வருகிற அந்த வயர் செட்டாப் பாக்ஸுக்குள் நுழைந்து, எச்டிஎம்ஐ வழியாக டிவிக்குப் போய், டிவியின் இன்னொரு எச்டிஎம்ஐ வழியாகக் கன்சோலுக்குள் இறங்கிவிட்டது. கன்சோலில் எச்டிஎம்ஐ ஐசி கருகியிருந்தது, மற்றதெல்லாம் நன்றாக இருந்தது. ஆகவே கேபிள் வயரையும் கழற்றுங்கள், எச்டிஎம்ஐயையும் கழற்றுங்கள். ஃபைபர் இன்டர்நெட்டில் கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது, ஆனால் மோடத்தின் அடாப்டர் பிளக்கில்தானே இருக்கிறது, அதையும் உருவ வேண்டும். நமக்குக் கோடை மழையிலும் இடி உண்டு, ஐப்பசி கார்த்திகையிலும் உண்டு. இந்தப் பழக்கத்தை வீட்டில் எல்லாருக்கும் சொல்லிக் கொடுங்கள். பகலில் வீட்டில் இருக்கிற அம்மாவுக்கு முதலில் சொல்லிக் கொடுங்கள்.

ஸ்பைக் பஸ்டர் வாங்கினாலும், எர்த் சரியில்லாத வீட்டில் அது பாதி வேலைதான் செய்யும். மணல் பூமியில் எர்த் குழி சீக்கிரம் காய்ந்துவிடும், எலக்ட்ரீஷியனை அழைத்து அளந்து பாருங்கள். இன்னொரு ஆபத்து, காற்றில் மரம் விழுந்து நியூட்ரல் கம்பி அறுவது. அப்போது 230 வோல்ட் வர வேண்டிய பாயின்ட்டில் 400 வரைக்கும் ஏறலாம். 2017 நவம்பர் 30இல் ஒக்கி புயல் அடித்து, கம்பங்கள் எல்லாம் சாய்ந்து, பல நாள் கழித்துக் கரண்ட் வந்தபோது அப்படி வெந்துபோன பவர் சப்ளைகள் என் மேஜையில் குவிந்தன. ஓவர் வோல்டேஜ் வந்தால் தானே துண்டிக்கிற கருவி ஒன்றை மெயின் போர்டில் மாட்டி வைத்தால் டிவி, ஃபிரிட்ஜ், கன்சோல் எல்லாமே தப்பும். புது கன்சோலுக்குப் பணம் ஒதுக்கும்போது இதற்கும் சேர்த்து ஒதுக்குங்கள். ஒரு கேம் டிஸ்க் குறைத்து வாங்கினாலும் பரவாயில்லை.

எச்டிஎம்ஐ வயரைத் தொட்டால் சுள்ளென்று அடிக்கிறதே?

கன்சோலுக்கும் பல டிவிகளுக்கும் இரண்டு பின் வயர்தான், எர்த் கிடையாது. உள்ளே இருக்கிற ஃபில்டர் கப்பாசிட்டர் வழியாகக் கொஞ்சம் மின்சாரம் வெளி உலோகத்துக்குக் கசியும். எறும்பு கடித்த மாதிரி இருந்தால் பயமில்லை. உதறித் தள்ளுகிற அளவுக்கு அடித்தால் வயரிங் தப்பு, உடனே பார்க்க வேண்டும். எப்படியும் இரண்டு பக்கமும் பிளக்கை எடுத்துவிட்டுத்தான் எச்டிஎம்ஐயைச் செருக வேண்டும்.

இன்வெர்ட்டரில் விளையாடலாமா?

சைன் வேவ் இன்வெர்ட்டர் என்றால் விளையாடலாம். பழைய ஸ்கொயர் வேவ் வேண்டாம். பிஎஸ்5 கனமான கேமில் 200 வாட் வரை இழுக்கும், 43 அங்குல டிவி ஒரு 100 வாட். 150 ஏஎச் (ஆம்பியர் அவர்) பேட்டரியில் ஃபேன், லைட்டோடு சேர்த்து இரண்டரை மணி நேரம் எதிர்பார்க்கலாம். இன்வெர்ட்டரின் பின்னால் யுபிஎஸ் மோட் சுவிட்ச் இருந்தால் அதைப் போடுங்கள். இல்லாவிட்டால் கரண்ட் மாறுகிற அந்தக் கணத்தில் கன்சோல் அணைந்து எழும். சேவ் ஆகிக்கொண்டிருக்கும்போது அப்படி நடந்தால் கேமின் பதிவு கெடலாம்.

கேமுக்கு எந்த டிவி?

43 அங்குல 4கே டிவி நம் ஹாலுக்குப் போதும். கடையில் கேட்க வேண்டியது ‘கேம் மோட் இருக்கிறதா’ என்பது. டிவி படத்தை மெருகேற்றுகிறேன் என்று ஒவ்வொரு காட்சியையும் கொஞ்ச நேரம் பிடித்து வைத்துக்கொள்ளும். நீங்கள் பட்டனை அழுத்தி, ஆள் குதிக்கத் தாமதமாவது அதனால்தான். கேம் மோட் அந்த மெருகை எல்லாம் நிறுத்திவிடும். ‘என் கன்சோல் ஸ்லோ’ என்று கொண்டு வந்தவர்களில் பலரை டிவி செட்டிங்கை மாற்றச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நொடிக்கு 120 படம் காட்டுகிற 120 ஹெர்ட்ஸ், அதைக் கடத்துகிற எச்டிஎம்ஐ 2.1 எல்லாம் நல்லதுதான். பணம் மிஞ்சினால் பார்க்கலாம். முதலில் இரண்டாவது கன்ட்ரோலர் வாங்குங்கள். தனியாக ஒருவன் ஆடிக்கொண்டிருந்தால் வீட்டில் மற்றவர்கள் எழுந்து போய்விடுவார்கள். இரண்டு கன்ட்ரோலர் இருந்தால் ஃபுட்பால் கேம் நடக்கிற ஹாலில் தாத்தாவும் உட்கார்ந்து பார்ப்பார்.

பழைய டிவி கேமின் துப்பாக்கி புது டிவியில் ஏன் சுடவில்லை?

கார்ட்ரிட்ஜ் போட்டு வாத்து சுடுகிற அந்த கேம்தானே? விசையை அழுத்தினதும் திரை ஒரு நொடித்துண்டு கறுப்பாகி, வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் வரும். துப்பாக்கியின் குழலில் இருக்கிற ஒளிக்கண் அந்த வெள்ளையைப் பார்த்தால் வாத்து விழும். படக்குழாய் டிவி அந்த வெள்ளையைச் சரியான நேரத்தில் காட்டும். எல்சிடி, எல்இடி டிவி தாமதமாகக் காட்டும், அதற்குள் கேம் ‘தப்பு’ என்று முடிவு செய்துவிடும். துப்பாக்கியில் குறை இல்லை.

2006இல் தொடங்கி அரசு கொடுத்த 14 அங்குல இலவச டிவி உங்கள் அம்மச்சி வீட்டில் இன்னும் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். ஒரு தடவை திங்கள்சந்தையில் ஒரு வீட்டுக்குப் போய் அப்படி ஒரு டிவியில் மாட்டிக் கொடுத்தேன். நாற்பது வயது அண்ணன் ஒருவர் தன் மகனிடம் துப்பாக்கியைக் கொடுக்காமல் அரை மணி நேரம் அவரே சுட்டுக்கொண்டிருந்தார்.

கல்யாண சிடி பிஎஸ்5இல் ஓடுமா?

டிவிடியாக இருந்தால் பெரும்பாலும் ஓடும். சிடி, விசிடி ஓடாது. பிஎஸ்4, பிஎஸ்5 இரண்டுமே பாட்டு சிடியைக்கூடப் படிக்காது. விசிடியைக் கம்ப்யூட்டரில் போட்டு, உள்ளே எம்பிஇஜிஏவி (MPEGAV) என்ற ஃபோல்டரில் இருக்கிற டிஏடி (.DAT) ஃபைலை அப்படியே காப்பி செய்யுங்கள், அதுதான் படம். தள்ளிப் போடாதீர்கள். சிடியை டியூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பாருங்கள். ஊசி குத்தின மாதிரி வெளிச்சப் புள்ளிகள் தெரிந்தால் வெள்ளிப் பூச்சு உதிர ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். நம் ஊர் ஈரத்தில் அது வேகமாகப் போகும். கன்சோலை விடுங்கள், இந்த ஒரு வேலையை இந்த வாரமே செய்யுங்கள். அந்தப் படத்தில் இருக்கிற பெரியவர்கள் பலர் இப்போது இல்லை.

சவுண்ட் பாரா, அசெம்பிள் செய்த 5.1 (ஐந்து ஸ்பீக்கர், ஒரு வூஃபர்) ஆம்ப்ளிஃபயரா?

கோயில், சர்ச் திருவிழா சவுண்ட் கேட்டு வளர்ந்த ஊர் இது, பேஸ் இல்லாவிட்டால் நமக்குச் சத்தம் கேட்ட மாதிரியே இருக்காது. அசெம்பிள் ஆம்ப்ளிஃபயர் எனக்குப் பிடிக்கும். கெட்டால் உள்ளூரிலேயே சரி செய்யலாம், ஐசி கிடைக்கும். ஆனால் டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் உள்ள ஹாலில் பெரிய வூஃபர் வெறும் முழக்கமாகத்தான் கேட்கும். அப்படிப்பட்ட ஹாலுக்கு நல்ல 2.1 போதும். பழைய 5.1 ஆம்ப்ளிஃபயரைப் பிஎஸ்5இல் நேராக மாட்ட முடியாது, அதில் ஆப்டிக்கல் சாக்கெட் இல்லை. டிவியின் ஆப்டிக்கலிலிருந்து ஒரு டிகோடர் வைத்து எடுங்கள். சவுண்ட் பார் என்றால் டிவியில் ஏஆர்சி என்று எழுதியிருக்கிற எச்டிஎம்ஐயில் செருகுங்கள். வேறு எச்டிஎம்ஐயில் செருகினால் டிவியின் சத்தம் வராது.

கன்ட்ரோலரைத் தொடாமலே ஆள் நடக்கிறார்?

ஸ்டிக்குக்கு அடியில் இருக்கிற கார்பன் தடம் தேய்ந்திருக்கிறது. கான்டாக்ட் கிளீனர் அடித்தால் சில வாரம் ஓடும், பிறகு மாற்றத்தான் வேண்டும். காந்தத்தால் வேலை செய்கிற ஹால் எஃபெக்ட் ஸ்டிக் போட்டால் அந்தத் தேய்மானம் இல்லை. நேந்திரங்காய் சிப்ஸ் தின்ற கையோடு விளையாடாதீர்கள். தேங்காய் எண்ணெய் பட்டன் இடுக்கில் இறங்கித் தூசியைப் பிடித்துக்கொள்ளும்.

கிராமத்தில் இருக்கிறோம், இன்டர்நெட் எவ்வளவு வேண்டும்?

பெரிய கேம் 100 ஜிபியைத் தாண்டுகிறது. 30 எம்பிபிஎஸ் ஃபைபரில் ஏழரை மணி நேரம், 100 எம்பிபிஎஸ்ஸில் இரண்டே கால் மணி நேரம். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கலாம். மொபைல் டேட்டாவில் நடக்காது.

பிள்ளை கெட்டுப்போவானா?

கன்சோலை ஹாலில் வைத்தால் பயமில்லை, பூட்டின அறைக்குள் வைக்காதீர்கள். டிஸ்க் அட்டையில் 3, 7, 12, 16, 18 என்று ஒரு எண் இருக்கும், அது வயது. பத்து வயதுப் பையனுக்கு 18 போட்டதை வாங்கிக் கொடுத்துவிட்டு அப்புறம் திட்டுவதில் நியாயம் இல்லை. பிஎஸ்5இல் பிள்ளைக்குத் தனி அக்கவுண்ட் போட்டு, தினமும் இத்தனை மணி நேரம் என்று நீங்களே பூட்டலாம். 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் தடை செய்தது பணம் வைத்து ஆடுகிற ஆன்லைன் ஆட்டங்களை. கன்சோல் கேம் அதில் வராது. ஆனால் உங்கள் கார்டு விவரத்தை அக்கவுண்டில் சேமித்து வைக்காதீர்கள்.

செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது?

அரை மணி நேரம் ஓட விட்டுப் பாருங்கள். டிஸ்க் உள்ளே போய் வெளியே வருகிறதா, எச்டிஎம்ஐ வயரை லேசாக அசைத்தால் படம் போகிறதா, ஃபேன் இரைகிறதா என்று பாருங்கள். திருகில் துரு இருந்தால் கடலோர மெஷின், விலையைக் குறைத்துக் கேளுங்கள். விற்கிறவரின் அக்கவுண்டை உங்கள் முன்னாலேயே நீக்கச் சொல்லுங்கள்.

வீடியோ பார்த்து நானே திறந்து சுத்தம் செய்யலாமா?

பிஎஸ்4 என்றால் பொறுமை இருந்தால் செய்யலாம். பிஎஸ்5இல் மேல் தகடுகளைக் கழற்றித் தூசித் துளைகளை வாக்வம் வைத்து இழுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதன் சிப்புக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவே பேஸ்ட்டுக்குப் பதில் திரவ உலோகம் இருக்கிறது. ஒரு துளி தப்பி போர்டில் விழுந்தால் ஷார்ட் ஆகிவிடும்.

சர்வீஸுக்குக் கொண்டு வரும்போது பவர் வயர், எச்டிஎம்ஐ வயர், ஒரு கன்ட்ரோலர் மூன்றையும் சேர்த்துக் கொண்டு வாருங்கள். பாதி நாள் பழுது வயரில்தான் இருக்கும். உள்ளே டிஸ்க் இருந்தால் எடுத்துவிடுங்கள். பஸ்ஸில் வருகிறவர்கள் மடியில் வைத்துக்கொண்டு வாருங்கள், மேலே சாமான் தட்டில் வேண்டாம்.